தரிசு என்று எழுதிய கை
பொதுநிலமும் அதன் ஆலோசகர்களும்: ஒரு வரலாற்றுக் குறிப்பு



நிலம் பற்றிப் பேசும்போது நாம் வழக்கமாக இரண்டு பேரைப் பற்றித்தான் பேசுகிறோம். ஒருவர் நிலத்தை வைத்திருப்பவர், மற்றவர் நிலமற்றவர். இவர்களுக்கு நடுவே மூன்றாவதாக ஒருவர் எப்போதும் இருந்து வந்திருக்கிறார். நிலத்தை வைத்து என்ன செய்யலாம் என்று உடைமையாளருக்குச் சொல்லிக் கொடுக்கும் ஆலோசகர் அவர். தனியார் பண்ணையாரின் ஆலோசகர் கணக்குப்பிள்ளையாக இருக்கலாம், வக்கீலாக இருக்கலாம். அரசும் கோயிலும் அறக்கட்டளையும் மிஷனும் கூட நிலவுடைமையாளர்களே. இவர்களுக்கு வழங்கப்பட்ட ஆலோசனைகள் அறிக்கைகளாகவும் அரசாணைகளாகவும் சட்டங்களாகவும் அச்சில் இருக்கின்றன. அவற்றை வரிசையாக எடுத்துப் படித்தால், நம் மக்கள் கையில் நிலம் ஏன் இல்லை என்ற கேள்விக்கு விடையின் ஒரு பெரும்பகுதி கிடைக்கிறது. இந்த நினைவுச் சொற்பொழிவில் அந்த வரிசையைத்தான் பார்க்கப் போகிறோம். களம் பெரும்பாலும் பழைய செங்கல்பட்டு மாவட்டம். அங்கிருந்து தஞ்சைக்கும், கொஞ்ச நேரம் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துக்கும் போய்த் திரும்புவோம்.

முதல் ஆலோசனை: மிராசு

1814இல் சென்னை வருவாய் வாரியம் மாவட்ட அதிகாரிகளிடம் மிராசு உரிமை பற்றிப் பதினேழு கேள்விகள் கேட்டது. கம்பெனி அரசுக்கு அன்று ஒரு சிக்கல் இருந்தது. விளைநிலத்துக்கு வரி வாங்குகிறோம், சரி. ஊரைச் சுற்றிக் கிடக்கும் தரிசு யாருடையது? அதை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்க அரசுக்கு அதிகாரம் உண்டா? சென்னையின் கலெக்டராக இருந்த எல்லிஸ் 1816இல் இதற்கு விரிவான பதிலை எழுதினார். அது 1818இல் அச்சானது. அவருடைய சிரஸ்தாராக இருந்த பி. சங்கரய்யா அந்த வேலையில் துணை நின்றார். திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்க்க முயன்றவர் என்றும், தமிழுக்குத் தொண்டு செய்த எல்லீசன் என்றும் நாம் பள்ளியில் படித்தவர் இவர்தான்.

தொண்டைமண்டலத்தில் மிராசு என்பது வேளாளக் குடிகளின் தொன்மையான, பரம்பரையான, கூட்டு உரிமை என்பது எல்லிஸின் வாதம். கல்வெட்டும் செப்பேடும் பழைய நூல்களும் சான்றாக வைக்கப்பட்டன. கம்பெனியின் பேராசையிலிருந்து குடிகளின் உரிமையைக் காக்கும் நல்ல நோக்கம் அதில் இருந்தது என்று சிலர் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் அந்த உரிமையின் வட்டத்துக்குள் யார் குடி, யார் ஆள் என்று பார்க்க வேண்டும். நிலத்தை உழுதவர்கள் அதில் உரிமையாளர்களாக வரவில்லை. நிலத்தோடு சேர்ந்த அடிமைகளாக வந்தார்கள். ஆக, முதல் ஆலோசனை பொதுநிலத்தைப் பழைய உடைமையாளரின் வேலிக்குள் தள்ளிவிட்டது.

இது தர்காஸ்து விதிகளில் நடைமுறையானது. தரிசு நிலம் வேண்டும் என்று அரசிடம் கொடுக்கும் விண்ணப்பத்துக்குத் தர்காஸ்து என்று பெயர். மிராசு ஊர்களில் வெளியார் ஒருவர் தர்காஸ்து கொடுத்தால் அந்த நிலத்தை எடுத்துக்கொள்ளும் முன்னுரிமை மிராசுதாருக்கு உண்டு. சேரியிலிருந்து ஒருவர் மனு கொடுத்தால் மிராசுதார் உடனே முன்வந்து, அது எனக்கு வேண்டும் என்பார். பிறகு அதைத் தரிசாகவே போட்டு வைப்பார். அவருக்கு விளைச்சல் தேவைப்படவில்லை. மனு கொடுத்தவர் மறுநாளும் தன் வயலுக்குக் கூலிக்கு வர வேண்டும், அதுதான் தேவை. 1843இன் ஐந்தாம் சட்டம் அடிமை முறையை நீதிமன்றங்கள் ஏற்காது என்றது. 1862இல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டம் அதைக் குற்றமாக்கியது. இரண்டு சட்டங்கள் வந்த பின்னும் படியாள் படியாளாகவே இருந்ததற்குத் தர்காஸ்து விதியும் ஒரு காரணம். ஆளைக் கட்டி வைத்த சங்கிலியை அறுத்துவிட்டு, போக இடமில்லாமல் செய்துவிட்டால், சங்கிலி தேவைப்படாது.

இரண்டாம் ஆலோசனை: டிரெமென்ஹீர்

1891இல் செங்கல்பட்டின் பொறுப்புக் கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர், அம்மாவட்டப் பறையர்களின் நிலை குறித்து அறிக்கை ஒன்றை அரசுக்கு அனுப்பினார். அதற்கு முன்பே மாவட்டத்தில் வேலை செய்த மிஷனரிகள் ஆடம் ஆண்ட்ரூவும் வில்லியம் கௌடியும் இதே சங்கதியை அரசிடம் சொல்லி வந்தார்கள். அவர்களிடம் சொன்னவர்கள் சேரி மக்கள். இந்தக் கடைசி வரியை நாம் மறக்கக் கூடாது. அறிக்கையில் கையெழுத்து வெள்ளைக்காரருடையது, தகவல் நம்முடையது. அதே காலத்தில் அயோத்திதாசரும் இரட்டைமலை சீனிவாசனும் சபைகள் வழியாகக் குரல் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். 1893இல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். ஒடுக்கப்பட்டோர் கேட்காமலே மேலிருந்து வந்த கருணை இது என்று பஞ்சமி நிலத்தைப் பற்றிச் சொல்வோருக்கு இந்த ஆண்டுகளின் வரிசையே பதில்.

டிரெமென்ஹீர் அறிக்கையை அரசு என்ற நிலவுடைமையாளருக்குக் கொடுத்த ஆலோசனையாக வாசித்தால், அதன் மையம் இரண்டு. ஒன்று, விளைநிலம். அரசின் கையிலுள்ள தரிசை மிராசு முன்னுரிமையைத் தாண்டிச் சேரி மக்களுக்கு நேரடியாகக் கொடுக்க வேண்டும். இரண்டு, குடிமனை. சேரியின் வீடுகள் நின்ற மண் மிராசுதாருடையது என்று கருதப்பட்டது. தர்காஸ்து கொடுத்தால், கூலி உயர்த்திக் கேட்டால், குடிசையைக் காலி செய் என்று ஒரு சொல் போதும். காலடியில் உள்ள மண் சொந்தமில்லாதவருக்கு ஊருக்கு வெளியே நாலு ஏக்கர் கொடுத்தாலும் அவரால் அதை வைத்திருக்க முடியாது என்பதை அறிக்கை புரிந்திருந்தது. இன்று மனைப்பட்டா கேட்டு வட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடக்கும் ஒவ்வொருவரும் இந்த இரண்டாம் கோரிக்கையைத்தான் சுமந்து நடக்கிறார்கள்.

1892 செப்டம்பர் 30ஆம் நாள் அரசாணை 1010 வந்தது. ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு நிலம் ஒப்படை செய்யும் வழி திறந்தது. அன்றைய சென்னை மாகாணத்தில் 12 லட்சம் ஏக்கர் இவ்வாறு கொடுக்கப்பட்டதாக நம் இயக்கங்கள் பல பத்தாண்டுகளாகச் சொல்லி வருகின்றன. எண்ணைவிட முக்கியமானது, பின்னர் வருவாய் வாரிய நிலையாணைகளில் இடம்பெற்ற நிபந்தனைகள். ஒப்படை பெற்றவர் முதல் பத்தாண்டுகளுக்கு நிலத்தை விற்கவோ, தானம் செய்யவோ, அடமானம் வைக்கவோ, குத்தகைக்கு விடவோ கூடாது. பத்தாண்டுக்குப் பின்னும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே கைமாற்றலாம். மீறினால் அரசு நட்டஈடு இல்லாமல் நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

நிபந்தனையின் பலமும் பலவீனமும்

இந்த நிபந்தனை அன்றைக்கு மிகவும் முன்னேறிய சிந்தனை. சந்தையில் சமமில்லாத இருவரை விட்டால் நிலம் எங்கே போகும் என்று தெரிந்து வேலி போட்டிருக்கிறார்கள். இன்றும் நீதிமன்றங்களில் நாம் நிற்பது இந்த வேலியைப் பிடித்துக்கொண்டுதான். ஆனால் இதில் இரண்டு ஓட்டைகள் இருந்தன.

முதலாவது, கடன். அடமானம் வைக்கக் கூடாது என்று சொன்ன அரசு, விதைக்கும் மாட்டுக்கும் கிணற்றுக்கும் பணம் எங்கிருந்து வரும் என்பதற்குப் போதிய ஏற்பாடு செய்யவில்லை. 1920 வாக்கில் தொழிலாளர் ஆணையர் துறை ஒடுக்கப்பட்ட வகுப்பாரின் நலனைப் பொறுப்பேற்றது. கூட்டுறவுச் சங்கங்கள் தொடங்கியது, குடிமனைக்கு நிலம் கையகப்படுத்திக் கொடுத்து விலையைத் தவணையாகத் திரும்பப் பெற்றது. இவை பயனுள்ள வேலைகள். ஆனாலும் கல்யாணத்துக்கும் சாவுக்கும் மழை பொய்த்த ஆண்டுக்கும் சேரிக்குப் பணம் கொடுத்தவர் அதே ஊர்க்காரர். கைமாற்றாக வாங்கிய பணத்துக்கு வெற்றுத் தாளில் கைரேகை வைத்தோம். பட்டா நம் பெயரில், அனுபோகம் அவர் கையில். காகிதத்தில் அது அடமானம் அல்ல, அதனால் நிபந்தனை மீறலும் கண்ணுக்குத் தெரியவில்லை.

இரண்டாவது, காவல். நிபந்தனை மீறலைக் கண்டுபிடித்து மேலே எழுத வேண்டியவர் கிராமக் கர்ணம். அவர் எந்தத் தெருவில் குடியிருந்தார் என்று இந்த அவைக்குச் சொல்ல வேண்டியதில்லை. பரம்பரைக் கர்ணம் முறை 1980 வாக்கில் ஒழிந்தது. அதே காலத்தில் நடந்த நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில், யு.டி.ஆர். என்று நாம் சொல்வதில், பழைய பதிவேட்டிலிருந்து புதிய பதிவேட்டுக்கு விவரங்கள் ஏற்றப்பட்டன. பல ஊர்களில் ‘டி.சி. நிலம்’ என்ற குறிப்பு ஏறும்போது விழுந்துவிட்டது. ஒரு குறிப்பு விழுந்ததும் நூறாண்டுக் காவல் விழுந்தது. அந்தப் புல எண்ணை வாங்குகிறவருக்கு வில்லங்கச் சான்றில் வில்லங்கம் தெரியாது.

அறத்தின் பெயரால் நிலம்

விடுதலைக்குப் பின் வந்த சட்டங்களில் அரசுக்கு அடுத்த பெரிய நிலவுடைமையாளர்களான அறநிறுவனங்கள் முன்னுக்கு வருகின்றன. 1961இன் நில உச்சவரம்புச் சட்டம் ஒரு குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் என்று வரம்பு வைத்தது, 1970இல் அது 15 ஆனது. ஆனால் சமய அறக்கட்டளைகளுக்கு விலக்கு இருந்தது. பெருநிலக்காரர்களுக்கு ஆலோசனை சொன்னவர்கள் இந்த வாசலைச் சரியாகக் காட்டினார்கள். சாமி பெயரிலும் தர்மத்தின் பெயரிலும் நிலம் எழுதப்பட்டது. நிர்வாகம் அதே குடும்பத்திடம் இருந்தது. லாபநோக்கற்ற அமைப்பு என்ற வடிவம் தன்னளவில் ஏழைக்கு நண்பன் அல்ல என்பதற்குத் தஞ்சைச் சமவெளி சாட்சி.

கோயில் நிலத்தையும் பாருங்கள். தமிழகத்தில் அறநிலையத்துறைக் கோயில்களுக்கு 4.78 லட்சம் ஏக்கர் உண்டு என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. 1939, 1947 கோயில் நுழைவுச் சட்டங்களுக்கு முன்பு அந்த வயலை உழுதவர் அந்தக் கோயில் வாசலைத் தாண்ட முடியாது. 1959ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, கோயில் நிலத்தை விற்கவும் ஐந்தாண்டுக்கு மேல் குத்தகைக்கு விடவும் ஆணையரின் அனுமதி வேண்டும் என்கிறது. நிலம் கைவிட்டுப் போகாமல் காக்க அது நல்ல விதி. குத்தகை யாருக்கு என்பதை அந்த விதி தீர்மானிக்கவில்லை. அங்கே ஏலம் தீர்மானிக்கிறது. ஏலத்தில் அதிகம் கேட்பவர் யார் என்பதைச் சாதியும் முதலும் தீர்மானிக்கின்றன. கோயிலுக்கு வருமானம் என்ற ஒரே அளவுகோலை வைத்தால் உழுபவர் எப்போதும் தோற்பார்.

பூதானமும் இந்த வரிசையில்தான் வருகிறது. 1951 ஏப்ரல் 18ஆம் நாள் தெலங்கானாவின் போச்சம்பள்ளியில் வினோபாவிடம் தலித் குடும்பங்கள் 80 ஏக்கர் கேட்டன. ஒரு நிலக்காரர் 100 ஏக்கர் தருவதாக எழுந்து நின்றார். கொடுத்தவரின் பெயரில் வரலாறு எழுதப்பட்டது. கேட்டவர்கள் நம்மவர்கள், எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொன்னவர்களும் நம்மவர்கள். தமிழகத்தில் 1958இல் பூதான யக்ஞச் சட்டம் வந்து வாரியம் அமைந்தது. தானமாக வந்ததில் பாறையும் முள்காடும் வழக்கில் கிடந்ததும் நிறைய.

வேறு மாதிரியான இரண்டு முயற்சிகள்

இப்படி மட்டுமே வரலாறு இருந்திருந்தால் நாம் இங்கே ஒப்பாரி வைத்துவிட்டுப் போகலாம். மாற்றுகளும் நடந்திருக்கின்றன.

1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். அதன் பிறகு தஞ்சையில் வேரூன்றி வேலை செய்தவர்களில் தலித் குடும்பத்தில் பிறந்த கிருஷ்ணம்மாளும் அவர் கணவர் ஜெகந்நாதனும் இருந்தார்கள். 1981இல் லாஃப்டி என்ற உழுவோர் நில விடுதலை இயக்கத்தைத் தொடங்கினார்கள். நிலத்தைத் தானமாகக் கேட்பதோடு நிற்காமல், பேசி விலைக்கு வாங்கி, கடனும் அரசுத் திட்ட உதவியும் சேர்த்து, குடும்பத்துக்கு ஏறக்குறைய ஒரு ஏக்கராகப் பெண்கள் பெயரில் பதிவு செய்தார்கள். சர்வோதய அரசியலோடு நமக்குக் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் பத்திரம் பெண் பெயரில் இருக்க வேண்டும் என்ற முடிவு, சாராயக் கடனுக்கும் கைரேகைக்கும் நிலம் போகாமல் தடுத்த நடைமுறை அறிவு. ஓர் அமைப்பு இடையில் நின்று நிலத்தை வாங்கி, வைத்துக்கொள்ளாமல் கைமாற்றிய முறை அது.

இரண்டாவது முயற்சியில் அமைப்பே நிலத்தை வைத்துக்கொண்டது. அமெரிக்காவின் ஜார்ஜியாவில் வாக்குரிமைக்காகப் போராடிய கறுப்பின விவசாயிகளைப் பண்ணை முதலாளிகள் குடியிருந்த இடத்திலிருந்து துரத்தினார்கள். செங்கல்பட்டு மிராசுதாரின் அதே ஆயுதம். சார்லஸ் ஷெராடும் ஷெர்லி ஷெராடும் ஸ்லேட்டர் கிங்கும் ராபர்ட் ஸ்வானும் மற்றவர்களும் சேர்ந்து 1969இல் நியூ கம்யூனிட்டீஸ் என்ற அமைப்பைத் தொடங்கி, ஏறத்தாழ 5,700 ஏக்கர் வாங்கினார்கள். நிலம் அறக்கட்டளையிடம் இருக்கும், குடும்பங்கள் நீண்டகாலக் குத்தகையில் வாழ்ந்து பயிரிடும், யாரும் தனியாக விற்க முடியாது. சமுதாய நில அறக்கட்டளை என்று இன்று உலகெங்கும் அறியப்படும் வடிவத்தின் முன்னோடி இதுதான். இந்த யோசனைக்குள் நம் நாட்டுக் கிராமதானத்தின் தாக்கமும் இருந்தது. நிலத்தின் உரிமை கிராம சபையிடம் என்ற கருத்து கடல் கடந்து கறுப்பின மக்களின் கருவியாயிற்று.

அதற்கு என்ன நேர்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும். மாநில ஆளுநர் கூட்டரசின் நிதியைத் தடுத்தார். வறட்சி வந்தபோது வெள்ளை விவசாயிகளுக்குக் கிடைத்த அவசரக் கடன் இவர்களுக்குத் தாமதமானது, மறுக்கப்பட்டது. 1985இல் நிலம் ஏலத்தில் போனது. வடிவம் நன்றாக இருந்தது, கடன் கொடுத்த கை எதிரியின் கையாக இருந்தது. பஞ்சமி நிலத்தின் முதல் ஓட்டை அப்படியே இங்கும். ஆனால் அவர்கள் காகிதங்களைக் காத்து வைத்திருந்தார்கள். கறுப்பின விவசாயிகள் தொடுத்த பாகுபாட்டு வழக்கின் வழியே 2009இல் சுமார் 1 கோடியே 20 லட்சம் டாலர் இழப்பீடு கிடைத்தது. 2011இல் முன்பு அடிமைகளை வைத்திருந்த ஒரு பண்ணையையே வாங்கினார்கள்.

காரணை

1994இல் செங்கல்பட்டு வட்டாரத்தின் காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்க மக்கள் இறங்கினார்கள், அம்பேத்கர் சிலையை நிறுவினார்கள். சிலை அகற்றப்பட்டது. அக்டோபர் 10ஆம் நாள் செங்கல்பட்டில் திரண்டவர்கள் மீது காவல்துறை சுட்டதில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள். டிரெமென்ஹீர் அறிக்கை எழுதிய அதே மாவட்டம், 103 ஆண்டுகள் கழித்து. அவர்கள் புதிய சட்டம் எதையும் கேட்கவில்லை. அரசு தன் சொந்த நிபந்தனையை நிறைவேற்ற வேண்டும் என்றே கேட்டார்கள். அதன் பிறகு அறிவிப்புகள் வந்தன. 2011இல் ஓய்வுபெற்ற நீதிபதி மருதமுத்து தலைமையில் குழுவும் அமைந்தது. ஆட்சிகள் மாறின, நிலம் பெரும்பாலும் இருந்த கையிலேயே இருக்கிறது.

இன்றைய ஆலோசனை

இன்று பொதுநிலத்துக்கு ஆலோசனை சொல்வது தனித் தொழிலாகிவிட்டது. 2021இல் ஒன்றிய அரசு 6 லட்சம் கோடி ரூபாய் மதிப்பிலான தேசியப் பணமாக்கல் திட்டத்தை அறிவித்தது. 2022இல் பொதுத்துறை நிறுவனங்களின் ‘உபரி’ நிலத்தைப் பணமாக்கத் தனிக் கழகம் ஒன்றுக்கு அமைச்சரவை ஒப்புதல் தந்தது. தமிழகத்தில் தொழிற்பேட்டைகளுக்கு நிலம் எடுக்க 1997ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ‘உபரி’, ‘பயன்பாடற்றது’ என்ற இன்றைய சொற்களையும் ‘தரிசு’ என்ற பழைய சொல்லையும் பக்கத்தில் வையுங்கள். மாடு மேய்ந்த, விறகு பொறுக்கிய, பிணம் புதைத்த, மழைக்காலத்தில் கேழ்வரகு விதைத்த இடத்தையும் அந்தச் சொல் காலியிடமாகக் காட்டும். சொல்லை எழுதும் கை யாருடையது என்பதுதான் நிலம் யாருக்குப் போகும் என்பதைத் தீர்மானிக்கிறது.

ஆகவே நம் பங்கு ஆலோசனையையும் நாம் எழுதி வைப்போம்.

அரசுக்கு: பஞ்சமி நிலம் அரசு விற்கக்கூடிய சொத்து அல்ல, நிபந்தனையோடு ஒப்படைத்த பொறுப்பு. எந்தப் பொதுநிலத்தையும் உபரி என்று அறிவிக்கும் முன் பழைய நிலவரித் திட்டப் பதிவேட்டோடு ஒப்பிட்டு, டி.சி. குறிப்பு இருந்ததா என்று சான்றளிக்க வேண்டும். மீட்ட நிலத்தை மறுபடி ஒப்படைக்கும்போது பெண் பெயரில் பட்டாவும் கூட்டுறவுக் கடனும் சேர்ந்தே வர வேண்டும்.

கோயில், திருச்சபை, கல்வி அறக்கட்டளைகளுக்கு: உங்கள் நிலம் வரி விலக்காலும் உச்சவரம்பு விலக்காலும் காக்கப்பட்டது. அந்த விலக்கு சமூகம் தந்த கொடை. அதற்கு ஈடாக உழுபவருக்கு நீண்டகாலக் குத்தகையும், நிலமற்ற பட்டியலின மக்களின் குழுக்களுக்கு ஏலமில்லா முன்னுரிமையும் கேட்கிறோம்.

நம் சங்கங்களுக்கு: நாமும் சிறு நிலவுடைமையாளர்களாகிவிட்டோம். படிப்பகம், விடுதி, புத்த விகார், சங்கக் கட்டடம் என்று பல ஊர்களில் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் நம் அமைப்புகளின் கையில் இருக்கிறது. அது ஒரு தலைவரின் பெயரில் இருந்தால் அவர் காலத்துக்குப் பின் அவர் பிள்ளைகளின் சொத்து. பதிவு பெற்ற அமைப்பின் பெயரில் இருக்கட்டும். விற்க வேண்டுமானால் ஊர்ப் பொதுக்குழுவின் ஒப்புதல் வேண்டும் என்று ஆவணத்திலேயே எழுதுங்கள். சாலை வந்து விலை ஏறிய நாளில் நம்மிடமும் ஆலோசகர் வருவார்.

மாணவர்களுக்கு: உங்கள் ஊரின் ‘அ’ பதிவேட்டையும் யு.டி.ஆருக்கு முந்தைய பதிவேட்டையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். புல எண் வாரியாக இரண்டையும் பக்கத்தில் வைத்து, எங்கே குறிப்பு விழுந்தது என்று பாருங்கள். பட்டியலினத்தவரின் நிலத்தை முறைகேடாகப் பிடித்து வைத்திருப்பது 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதை ஊரில் எடுத்துச் சொல்லுங்கள். முதியவர்களிடம் ஒவ்வொரு வயலின் பழைய பெயரையும் கேட்டு எழுதுங்கள். புல எண் மாறிய இடத்திலும் பெயர் மாறியிருக்காது.

எல்லிஸுக்குப் பதினேழு கேள்விகள் அனுப்பப்பட்டன. சேரியிடம் ஒன்றுகூடக் கேட்கப்படவில்லை. டிரெமென்ஹீர் காலத்தில் கேட்கப்பட்டபோது ஓர் அரசாணை வந்தது, அதன் நிபந்தனை இன்றும் செல்லும். கேட்கப்படும் வரை காத்திருக்காமல், நம் ஊர்ப் பதிவேட்டை நாமே படித்து, பதிலை எழுதி எடுத்துக்கொண்டு போவோம்.

ஜெய்பீம்.